சீப்புக்கும் சட்டிக்கும் ஒரே எண்ணெய்

தேங்காயெண்ணெய் உண்ணும் பொருளா, தலையில் தேய்க்கும் பொருளா? இந்தக் கேள்வி இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறு பாட்டில்களில் அடைத்து விற்கப்படும் தூய தேங்காயெண்ணெய்க்குச் சமையல் எண்ணெயின் வரியைப் போடுவதா, கூந்தல் எண்ணெயின் வரியைப் போடுவதா என்பதே வழக்கு. சேலம் மத்திய கலால் ஆணையரின் மேல்முறையீடும் அதில் சேர்த்தி. 2018-இல் விசாரித்த இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது: உணவுத் தரத்துக்கு உட்பட்ட எண்ணெயை, கூந்தல் எண்ணெய் என்று லேபிள் ஒட்டி விற்காதவரை, பாட்டில் சிறியது என்பதற்காக மட்டும் அழகுசாதனப் பொருளாகக் கருத முடியாது.

வரிக்கு அந்தத் தீர்ப்பு போதும். எண்ணெய் வாங்குகிறவருக்குப் போதாது. எடை குறைப்பதிலிருந்து மறதி நோயைத் தீர்ப்பது வரை எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெயே மருந்து என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அதே 2018-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் காரின் மிஷெல்ஸ் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆற்றிய உரையில் அதை நஞ்சு என்றே குறிப்பிட்டார். உரை உலகமெங்கும் பரவ, இந்தியத் தோட்டக்கலை ஆணையரே எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டிவந்தது. தலைமுறை தலைமுறையாகச் சமைத்தும் தேய்த்தும் வந்த ஒரு பொருளைப் பற்றி இப்படி இரு துருவங்களாகப் பேசினால் சாதாரணக் குடும்பம் எதை நம்பும்?

விடை அந்த எண்ணெயின் வேதியியலிலேயே இருக்கிறது. தலைமுடியைக் காப்பதும், சட்டியில் எளிதில் கெடாமல் நிற்பதும், சோப்பில் நுரையாவதும், இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுவதும் பெரும்பாலும் ஒரே மூலக்கூறின் வேலைகள். அதன் ஒரே குணம் ஓரிடத்தில் நன்மையாகவும் இன்னோரிடத்தில் கேடாகவும் முடிகிறது. ஆகவே தேங்காயெண்ணெயை எங்கே, எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று கேட்டால்தான் தெளிவான பதில் கிடைக்கும்.

குட்டையான, நேரான சங்கிலி

எந்த எண்ணெயை எடுத்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். கிளிசரால் என்ற சிறு மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கும்; இதற்கு டிரைகிளிசரைடு என்று பெயர். அந்த மூன்றும் எவை என்பதைப் பொறுத்தே எண்ணெய்க்கு எண்ணெய் குணம் வேறுபடுகிறது. கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களின் சங்கிலி. சூரியகாந்தி எண்ணெயில் நிறைய உள்ள லினோலிக் அமிலத்தில் 18 கார்பன்கள் உண்டு. இரண்டு இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் சங்கிலி அங்கங்கே வளைந்திருக்கும். இப்படி வளைவுள்ளவற்றை நிறைவுறாக் கொழுப்பு என்கிறோம்.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி, அதாவது 45 முதல் 53 சதவீதம், லாரிக் அமிலம். அதில் 12 கார்பன்கள் மட்டுமே. இரட்டைப் பிணைப்பு கிடையாது. சங்கிலி நேராக நிற்கும். அடுத்தபடியாக 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் 16 முதல் 21 சதவீதம். 8, 10 கார்பன் கொண்ட கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்களும் 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலமும் மீதியில் பெரும்பகுதி. எல்லாம் சேர்ந்து எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில்கூட இது 60 சதவீதத்துக்குச் சற்று மேல்தான்.

சங்கிலி குட்டை, வளைவு இல்லை. தேங்காயெண்ணெயின் கதை முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். நேரான சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும் என்பதால் அது எளிதில் உறைகிறது. ஆனால் சங்கிலி குட்டை என்பதால் மாட்டுக்கொழுப்பைப் போல 40 டிகிரி வரை கெட்டியாக இருப்பதில்லை. 24, 25 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுகிறது. சித்திரையில் தண்ணீர்போல ஓடும் எண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெண்மையாக உறைந்து நிற்பது இதனால்தான். உறைந்ததால் அது கெட்டுப்போனதும் இல்லை, கலப்படமானதும் இல்லை. பாட்டிலைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தினால் போதும்.

இதையே ஒரு வீட்டுச் சோதனையாகவும் பயன்படுத்தலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தேங்காயெண்ணெய் உறையும்; உறையாத வேறு எண்ணெய் கலந்திருந்தால் தனி அடுக்காக நிற்கும். சோதனை எளிது, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பனங்கொட்டை எண்ணெயிலும் லாரிக் அமிலம்தான் அதிகம் என்பதால் அதுவும் உறைந்துவிடும். அந்தக் கலப்படத்தை ஆய்வகம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

களத்தில் தொடங்கும் தரம்

முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறையப் பாதி ஈரம். அதை உலர்த்தி ஈரப்பதத்தை 6 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தால் கொப்பரை. பொள்ளாச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் விளையும் காய்கள் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் களங்களில் உடைபட்டுக் காய்கின்றன. வெயில் காலத்தில் சில நாளில் காய்ந்துவிடும் பருப்பு, மழை மூட்டம் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்கக் கந்தகப் புகை போடும் வழக்கமும் உண்டு.

பூஞ்சை பிடித்த கொப்பரையில் நிறம் மாறுவது மட்டும் பிரச்சினை இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உருவாக்கும். அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கொப்பரையை ஆட்டும்போது அதில் ஒரு பகுதி எண்ணெய்க்கும் வரும். 2021-இல் இலங்கைக்கு இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காயெண்ணெயில் அஃப்ளடாக்சின் கண்டறியப்பட்டு, அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பும்படி ஆனது. மரச்செக்கா, இரும்புச் செக்கா என்று விசாரிக்கும் நாம், கொப்பரை எப்படிக் காய்ந்தது என்று கேட்பதே இல்லை. பூஞ்சை பிடித்த கொப்பரையை எந்தச் செக்கில் ஆட்டினாலும் நல்ல எண்ணெய் வராது.

சந்தையில் மூன்று வகை கிடைக்கின்றன. கொப்பரையை ஆட்டி வடிகட்டிய செக்கெண்ணெய் ஒன்று. ஆலையில் அமிலத்தையும் நிறத்தையும் மணத்தையும் நீக்கிய சுத்திகரித்த எண்ணெய் இரண்டாவது. காயவைக்காத பச்சைத் தேங்காயின் பாலிலிருந்து எடுக்கும் வெர்ஜின் எண்ணெய் மூன்றாவது. கன்னியாகுமரி மாவட்ட வீடுகளில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்துக் குழந்தைகளுக்குத் தேய்க்கும் உருக்கெண்ணெயும் இந்த மூன்றாவது வகையின் உறவுதான். மணமும் நுண்ணளவுப் பாலிஃபீனால்களும் வெர்ஜின் எண்ணெயில் கூடுதல். கொழுப்பு அமிலங்களின் கணக்கு மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இரத்தக் கொழுப்பைப் பொறுத்தவரை விலை கூடிய பாட்டிலுக்கு விதிவிலக்கு எதுவும் கிடையாது.

சட்டியில்

எண்ணெய் கெட்டுப்போகப் பெரிய காரணம் ஆக்சிஜன். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில்தான் அது தாக்கும். தேங்காயெண்ணெயில் அந்த இடங்கள் மிகக் குறைவு. அதனால் சூட்டிலும் காற்றிலும் சூரியகாந்தி எண்ணெயைவிட நின்று தாக்குப்பிடிக்கும். நாகர்கோவில் நேந்திரங்காய் வற்றல் பல நாள் கழித்தும் மொறுமொறுப்பாக, எண்ணெய் வாடை மாறாமல் இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

தேங்காயெண்ணெயின் எதிரி தண்ணீர். ஈரம் பட்டால், குறிப்பாகச் சூட்டோடு பட்டால், டிரைகிளிசரைடு உடைந்து லாரிக் அமிலம் தனியே பிரியும். அப்போதுதான் சிக்கு வாடையும், நாக்கில் சோப்பைத் தொட்டது போன்ற சுவையும் வரும். ஈரக் கரண்டியை எண்ணெய்த் தூக்கில் விடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் கடிந்துகொள்வதற்குப் பின்னால் உள்ள வேதியியல் இதுதான்.

வெர்ஜின் எண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகையத் தொடங்கும். சுத்திகரித்தது 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். வடை, பூரி பொரிக்க 170 முதல் 190 டிகிரி வேண்டும் என்பதால், விலை உயர்ந்த வெர்ஜின் எண்ணெயை அதற்கு ஊற்றுவது வீண்; மணமும் போகும், புகையும் வரும். தாளிப்பு, மிதமான தீயில் வதக்கல், கூட்டு, குழம்பு ஆகியவற்றுக்கு அது ஏற்றது. தேங்காயெண்ணெயின் மணம் டெல்டா லாக்டோன்கள் என்ற ஆவியாகும் சேர்மங்களால் வருவது. அவியலை இறக்கிவைத்த பிறகு பச்சை எண்ணெயையும் கறிவேப்பிலையையும் போட்டு மூடிவைக்கும் முறையில் அந்த லாக்டோன்கள் சூட்டில் பறந்துபோகாமல் உணவிலேயே தங்குகின்றன. குறைந்த எண்ணெயில் நிறைந்த மணம் பெற இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொரு சமையலறை நுட்பம்: பொரிக்கும்போது தேங்காயெண்ணெயோடு கடலை எண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ கலக்காமல் இருப்பது நல்லது. லாரிக் அமிலம் மிகுந்த எண்ணெய் மற்ற எண்ணெயோடு சேர்ந்து கொதித்தால் நுரை பொங்கிச் சட்டியைவிட்டு வழியக்கூடும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் கூடாது. எவ்வளவு நிலையான எண்ணெயானாலும் ஒவ்வொரு முறை காயும்போதும் சிதைவுப் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். இவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவகங்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் இந்தியாவில் விதி இருக்கிறது.

தலைமுடியில்

முடிக்கு எண்ணெய் வைப்பதில் தேங்காயெண்ணெய்க்குத் தனியிடம் உண்டு என்பதை ஆய்வகம் உறுதிசெய்திருக்கிறது. முடியின் வெளிப்புறம் கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்களால் ஆனது. உள்ளே கெரட்டின் புரத இழைகள். நனையும்போது முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும்; காயும்போது சுருங்கும். உப்பும்போது செதில்கள் தூக்கிக்கொள்ள, அந்த நேரத்தில் சீப்பு பட்டால் உடையும். தினந்தோறும் இப்படி நடந்து புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துபோகிறது.

2003-இல் ஆரத்தி ரேலே, ஆர். பி. மொஹிலே இருவரும் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டார்கள். குளிக்கும் முன்பு தடவினாலும் பின்பு தடவினாலும், சேதமான முடியிலும் சேதமாகாத முடியிலும், புரத இழப்பைக் குறிப்பிடும்படி குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. ஆய்வாளர்கள் இருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் 2001-இல், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த ஆய்வில், தேங்காயெண்ணெய் முடியின் உட்பகுதிக்குள் ஊடுருவுவதையும் கனிம எண்ணெய் வெளியிலேயே தங்குவதையும் கருவிகொண்டு கண்டிருந்தார்கள்.

காரணம் நாம் முன்பு பார்த்த அதே இரண்டு குணங்கள். குட்டையான, நேரான சங்கிலி என்பதால் செதில்களின் இடுக்கு வழியே நுழைய முடிகிறது. புரதத்தோடு ஒட்டும் தன்மையும் அதற்கு உண்டு. சூரியகாந்தி எண்ணெயின் வளைந்த, பருத்த மூலக்கூறு நுழையத் திணறுகிறது. கனிம எண்ணெய்க்குப் புரதத்தோடு ஒட்டும் தன்மையே இல்லை. உள்ளே சென்ற எண்ணெய் தண்ணீர் அதிகம் புகாமல் தடுக்க, முடி உப்புவது குறைகிறது. ஆகவே பலன் பெற வேண்டுமானால் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்போ முந்தின இரவோ முடியின் நீளவாக்கில் தடவுவது சரி. சொட்டச் சொட்ட ஊற்றத் தேவையில்லை.

இத்தனை செய்தும், எண்ணெய் முடியை வளர்க்காது. வளர்ச்சி நடப்பது தோலுக்கடியில் உள்ள வேர்ப்பையில். நம் கண்ணில் படும் முடி உயிரற்ற புரதம். பரம்பரை வழுக்கைக்கும், இரும்புச்சத்துக் குறைவால் அல்லது தைராய்டு கோளாறால் முடி கொட்டுவதற்கும் எண்ணெயால் தீர்வு இல்லை. உடையாத முடி நீளமாக நிற்கும் என்பதே எண்ணெயால் 'வளர்ந்தது' போலத் தெரிவதன் உண்மை.

பொடுகு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பொடுகுக்குப் பின்னணியில் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சையால் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. தலையில் சுரக்கும் கொழுப்பையும் நாம் தடவும் எண்ணெயையும் நம்பி வாழ்கிறது. செதில் உதிர்வதைப் பார்த்து வறட்சி என்று நினைத்து மண்டையோட்டுத் தோலில் எண்ணெயை ஊறவைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாகும். அவர்களுக்கு உதவுவது மருத்துவர் சொல்லும் பூஞ்சை எதிர்ப்பு ஷாம்புவே.

தோலிலும் சோப்பிலும்

தோலின் மேல் அடுக்கிலிருந்து நீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த இழப்பு கூடும்போது தோல் வறண்டு, வெடித்து, அரிக்கும். தேங்காயெண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி அதைக் குறைக்கிறது. பிலிப்பைன்சில் 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமைத் தோலழற்சியின் தீவிரத்தைக் கனிம எண்ணெய் 38 சதவீதம் குறைத்தபோது வெர்ஜின் தேங்காயெண்ணெய் 68 சதவீதம் குறைத்தது. அத்தகைய தோலில் குடியேறும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைத் தேங்காயெண்ணெய் குறைப்பதை அதே நாட்டின் இன்னோர் ஆய்வு 2008-இல் காட்டியிருந்தது. லாரிக் அமிலம் சில பாக்டீரியாக்களின் சவ்வைக் குலைக்கும் என்பதே அதற்கான விளக்கம்.

பச்சிளம் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் வழக்கத்துக்கும் ஆதரவு இருக்கிறது. 2005-இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வில், தேங்காயெண்ணெய் தேய்க்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் கனிம எண்ணெய் தேய்க்கப்பட்டவர்களைவிட வேகமாக எடை கூடினார்கள். ஆனால் அந்தக் குளியலோடு சேர்ந்த ஒரு பழக்கத்தைக் கைவிட்டே ஆக வேண்டும். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி, லிப்பாய்ட் நிமோனியா என்ற கடுமையான அழற்சியை உண்டாக்கும். எண்ணெய் தொண்டையை உறுத்தாமல் வழுக்கிச் செல்வதால் குழந்தை இருமி வெளியேற்றுவதும் இல்லை. மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

முகப்பரு வரும் எண்ணெய்ப்பசைத் தோலில் இரவு முழுக்கத் தேங்காயெண்ணெயைப் பூசிவைத்தால் துளைகள் அடைத்துப் பரு கூடலாம். தீக்காயம் பட்ட உடனே எண்ணெய் தடவுவதும் தவறு. படலம் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. வெயிலிலிருந்து காக்கும் களிம்புக்கு இதை மாற்றாகக் கொள்ளவும் முடியாது.

சோப்புக்கு வந்தால், கொழுப்போடு காரம் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். லாரிக் அமிலத்தின் குட்டைச் சங்கிலி தண்ணீரில் நன்றாகக் கரைவதால் தேங்காயெண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கடற்பயணிகளுக்கான சோப்பு இதிலிருந்துதான் செய்யப்பட்டது. ஷாம்புவில் நுரை தரும் சோடியம் லாரில் சல்ஃபேட்டின் மூலப்பொருளும் தேங்காயெண்ணெய் அல்லது பனங்கொட்டை எண்ணெய்தான். வாரக் குளியலில் முடிக்குத் தடவும் எண்ணெய்க்கும் அதைக் கழுவும் நுரைக்கும் மூலம் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

இரத்தத்தில்

இதுவரை கண்ட நன்மைகளைக் காட்டி, உடம்புக்குள் போனாலும் தேங்காயெண்ணெய் நல்லதே செய்யும் என்று வாதிடுவது தவறு. முடிக்குள் நுழையவும் சட்டியில் நிலைக்கவும் உதவிய அதே நிறைவுற்ற சங்கிலி, கல்லீரலில் வேறு வேலை செய்கிறது. இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் உள்ளன. லாரிக், மிரிஸ்டிக், பால்மிடிக் அமிலங்கள் அந்த ஏற்பிகளின் செயல்பாட்டைக் குறைக்கின்றன. பிடிபடாத துகள்கள் இரத்தத்தில் தங்கி, ஆண்டுக்கணக்கில் தமனிச் சுவரில் படிகின்றன.

2020-இல் 'சர்க்குலேஷன்' இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெப்பமண்டலத்தைச் சேராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காயெண்ணெய் எல்.டி.எல். அளவைச் சராசரியாக டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமும், எச்.டி.எல். அளவை 4 மில்லிகிராமும் கூட்டியது. எச்.டி.எல். நல்ல கொலஸ்ட்ரால் ஆயிற்றே, கூடினால் லாபம்தானே என்று தோன்றும். லாரிக் அமிலம் எச்.டி.எல்.லை நன்றாகவே கூட்டுகிறது என்று நெதர்லாந்தின் ரொனால்ட் மென்சிங்க் குழு 2003-இலேயே காட்டியிருக்கிறது. ஆனால் எச்.டி.எல்.லை மருந்தால் உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகளும் மரபணு வழி ஆய்வுகளும், அது கூடுவதால் மட்டும் மாரடைப்பு குறைவதில்லை என்று சொல்லிவிட்டன. எல்.டி.எல். குறைந்தால் மாரடைப்பு குறையும் என்பதோ திரும்பத் திரும்ப நிறுவப்பட்டது. அதனால் இந்தக் கணக்கில் எச்.டி.எல். வரவைக் காட்டி எல்.டி.எல். செலவை ஈடுகட்ட முடியாது. 2017-இல் அமெரிக்க இதய சங்கம் தேங்காயெண்ணெயைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தியதும் இந்த அடிப்படையில்தான்.

எதிர்த்தரப்புச் சான்றுகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பசிபிக் பெருங்கடலின் டோகெலாவ், புகாபுகா தீவுகளில் மக்கள் தலைமுறைகளாகத் தேங்காயை முதன்மை உணவாகக் கொண்டிருந்தார்கள். டோகெலாவில் உணவின் ஆற்றலில் சுமார் 63 சதவீதம் தேங்காயிலிருந்தே கிடைத்தது. அப்படியும் இதய நோய் அங்கே அரிது என்று இயன் பிரையர் குழு 1981-இல் எழுதியது. ஆனால் அதே கட்டுரையில், தேங்காய் அதிகம் உண்ட டோகெலாவில் கொலஸ்ட்ரால் புகாபுகாவைவிடக் கூடுதல் என்ற தகவலும் இருக்கிறது. அவர்கள் பாட்டில் எண்ணெயை ஊற்றிப் பொரித்துத் தின்றவர்கள் இல்லை. நார்ச்சத்துள்ள தேங்காயை முழுதாக உண்டு, மீன் சாப்பிட்டு, உடலுழைப்போடு வாழ்ந்தவர்கள்.

கொச்சியில் நோய் நிலைபெற்றிருந்த இதய நோயாளிகள் சுமார் 200 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழு தேங்காயெண்ணெயிலும் மற்றொன்று சூரியகாந்தி எண்ணெயிலும் 2 ஆண்டு சமைத்துச் சாப்பிட்டதை 2016-இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் வழக்கமான இதய மருந்துகளையும் எடுத்துவந்தவர்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் தினம் 50 கிராம் தேங்காயெண்ணெய், வெண்ணெய், ஆலிவ் எண்ணெய் என்று மூன்று குழுக்கள் 4 வாரம் உண்டன. வெண்ணெய் எல்.டி.எல்.லைக் கூட்டியது, தேங்காயெண்ணெய் ஆலிவ் எண்ணெயிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. இது 4 வாரக் கதை. தமனியில் அடைப்பு உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தேங்காயெண்ணெய் நஞ்சு இல்லை என்பது உறுதி. வெண்ணெயைவிட மோசமில்லை என்றும் சொல்லலாம். ஆனால் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கு ஈடாகவோ மேலாகவோ இதயத்தைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மருந்துக் கடை விளம்பரங்கள்

தேங்காயெண்ணெய் குடித்தால் எடை குறையும் என்பதன் வேர், நடுத்தரச் சங்கிலி எண்ணெய் பற்றிய ஆய்வுகளில் இருக்கிறது. 8, 10 கார்பன் கொண்ட அமிலங்கள் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் உடனே எரிந்து ஆற்றலாகும். கொழுப்பைச் செரிக்க இயலாத நோயாளிகளுக்கும், வலிப்பு நோய்க்கான சிறப்பு உணவுக்கும் மருத்துவமனைகள் தரும் எண்ணெய் இந்த இரண்டால் ஆனது. தேங்காயெண்ணெயில் இவை 15 சதவீத அளவிலேயே உள்ளன. லாரிக் அமிலத்தை வேதியியலார் நடுத்தரச் சங்கிலியில் சேர்த்தாலும், அதன் பெரும்பகுதியை உடம்பு நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகக் கொண்டுசெல்கிறது. மருத்துவ எண்ணெயில் கண்ட பலனை அப்படியே தேங்காயெண்ணெய்க்கு எழுதிவைப்பது அறிவியல் ஆகாது. கிராமுக்கு ஏறத்தாழ 9 கலோரி தரும் பொருளை உணவுக்கு மேல் கூடுதலாகக் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும்.

ஆய்வகத் தட்டில் லாரிக் அமிலம் கிருமியைக் கொல்கிறது என்பதால், குடித்தால் காய்ச்சல் தீரும் என்றும் ஆகாது. மறதி நோய் குணமாகும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. வாயில் எண்ணெய் கொப்பளிப்பது பற்படலத்தைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. விருப்பமிருந்தால் செய்யலாம், பல் துலக்குவதற்குப் பதிலாக அல்ல.

எவ்வளவு?

நிறைவுற்ற கொழுப்பு நாள் ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலேயே 11 முதல் 12 கிராம் வந்துவிடும்; அன்றைய வரம்பில் பாதி. சட்னிக்கும் குழம்புக்கும் அரைக்கும் தேங்காயையும் சேர்க்க வேண்டும். 50 கிராம் துருவலில் ஏறத்தாழ 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. நார்ச்சத்தும் கூடவே கிடைப்பது அதன் நல்ல பக்கம். பால், நெய், இறைச்சி தனிக்கணக்கு.

இன்னொரு குறையும் உண்டு. உடம்பால் தயாரிக்க முடியாத லினோலிக் அமிலம் தேங்காயெண்ணெயில் 2 சதவீத அளவுதான்; ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். நாகர்கோவிலிலும் யாழ்ப்பாணத்திலும் மீன் அந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. மீன் உண்ணாத வீட்டில் தேங்காயெண்ணெயை மட்டுமே நம்பிச் சமைப்பது சரியாகாது. தாளிக்கவும் மணத்துக்கும் தேங்காயெண்ணெய், குழம்புக்கு நல்லெண்ணெய், பொரியலுக்குக் கடலை எண்ணெய் என்று பிரித்துக்கொண்டால் சுவையும் கெடாது, ஒரே வகைக் கொழுப்பும் சேராது.

எல்.டி.எல். ஏற்கெனவே கூடுதலாக உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் ஒரு காரியம் செய்யலாம். இரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்து எல்.டி.எல். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து எடுப்பவர்கள் அதை அப்படியே தொடருங்கள். அன்றாடச் சமையலில் தேங்காயெண்ணெய் இருந்த இடத்தில் மற்ற எண்ணெயைப் புழங்கி, இரண்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். ஒரே எண்ணெய்க்கு எல்லா உடம்பும் ஒரே அளவில் மாறுவதில்லை; சிலருக்கு எல்.டி.எல். நன்றாக இறங்கும், சிலருக்கு அசையாது. இரண்டு சீட்டுகளையும் மருத்துவரிடம் காட்டி, சட்டியில் எவ்வளவு ஊற்றலாம் என்று முடிவுசெய்யுங்கள். முடிக்கும் தோலுக்கும் தேய்ப்பதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. வெளியில் தடவும் எண்ணெய் இந்தக் கணக்கில் வராது.